காருக்கு மஞ்சள் தண்ணீர்

எதிர்வீட்டு மணியண்ணை என் பழைய காரைப் பார்த்து, "நல்லா ஓடுது" என்றார். மறுநாள் மழை பிடித்தது. கார் இருமத் தொடங்கியது. அவர் வாய் பட்ட நாவூறுதான் என்று முடிவுகட்டி, தினமும் காலையில் எஞ்சினுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். தெளிக்கத் தெளிக்க இருமல் கூடியது.

மகளின் பரீட்சையன்று கார் அசையவேயில்லை. மணியண்ணைதான் ஓடிவந்தார். பிளக் வயர்கள் வந்து சேரும் மூடியைக் கழற்றித் தன் சால்வையால் துடைத்தார். சால்வை மஞ்சளாயிற்று.

"உதிலை ஈரம் பட்டால் கார் ஓடாது, தம்பி. ஆருடைய நாவூறுக்குத் தெளிச்சனீர்?"

"பிள்ளைக்கு நேரம் போகுது, அண்ணை."

கார் உடனே கிளம்பியது. சால்வை காருக்குள்ளேயே கிடந்துவிட்டது. ஈரக் காலைகளில் இப்போதும் அந்தச் சால்வையால்தான் மூடியைத் துடைக்கிறேன். திருப்பிக் கொடுக்க முகமில்லை.