வேலுச்சாமியின் இடது கை

சனிக்கிழமை மதியம், பாலக்காட்டில் எங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸ் மூடுகிற நேரத்தில், வேலுச்சாமியின் அக்கா வீட்டுக்காரர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அந்த வாசலில் யாரும் செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

"வேலு போயிட்டானுங்க. மஞ்சக்காமாலை. பள்ளிவாசல் மலையில இருந்து எஸ்டேட் லாரியில ஊட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க" என்றார்.

வேலுவுக்கு இருபத்தொன்பது வயது. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவருடன் கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் ஏறினேன்.

அவனோடு ஆடியவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். 'அவர்' என்று எழுதினால் யாரோ பெரிய மனிதர் காலமானதாக நினைத்துக்கொள்வீர்கள். அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

ஏழெட்டு வருஷங்களுக்கு முன் எனக்கு ஒரு கௌரவப் பதவி இருந்தது. மாவட்ட கிரிக்கெட் அணிக்கு ஆள் பார்த்து ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். கிரிக்கெட்டைப் பற்றி நிறையப் படித்திருந்ததும், ஆடத் தெரியாததும்தான் என் தகுதிகள். வாரப் பத்திரிகைகளுக்கு நையாண்டிக் கட்டுரைகள் எழுதுகிறவன் என்பதும் தேர்வுக் குழுவுக்குத் தெரியும். அது தகுதியா இல்லையா என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அந்த வேலையாகத்தான் சித்தூர் கல்லூரி மைதானத்துக்குப் போனேன். ஒல்லியான ஒருவன் வலது கையால் மூன்று பந்து வீசினான். நாலாவது பந்துக்கு முன் நின்றான்.

"அம்பயர் சார், கை மாத்திக்கறனுங்க."

அம்பயராக நின்றவர் கல்லூரி ஆய்வுக்கூட ஊழியர். அவர் என்னைப் பார்த்தார். முன்கூட்டிச் சொல்லிவிட்டு மாற்றலாம் என்று சட்டம் இருக்கிறது என்றேன். பேட்ஸ்மேன் மட்டையை ஊன்றிக்கொண்டு, "சார், ஒரு பௌலர்னு சொல்லித்தானே என்னை உள்ளே அனுப்பினீங்க!" என்றான். அடுத்த பந்து இடது கையிலிருந்து வந்தது. லெக் ஸ்டம்புக்கு நேராக விழுந்தது. எதையோ மறந்துவிட்டு எடுக்கப் போவதுபோலத் திரும்பியது. ஆஃப் ஸ்டம்பைச் சாய்த்தது. வலது கை சாதாரணம்தான். இடது கையைப் போல இன்னொன்றை இதுவரை நான் பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தபோது, எங்கே கற்றாய் என்று கேட்டேன்.

"சோளக்காட்டுல கல்லு வீசிக் கிளி முடுக்கித்தானுங்க. எனக்குப் பொறந்ததுல இருந்தே பீச்சாங்கைதான் வரும். எங்கப்பன் பாத்தா முதுகுல வெச்சிருவாரு. பெரியவங்க முன்னால பீச்சாங்கையை நீட்டப்படாதும்பாரு. அதனால அவரு வரப்புல நின்னா சோத்தாங்கையில கல்லு வீசுவனுங்க. அவரு தண்ணி கட்டப் போயிட்டா இந்தக் கை."

"எந்தக் கைக்குக் கிளி அதிகம் பயந்தது?"

"கிளி ரெண்டுக்கும் பறந்துருமுங்க. எனக்குத்தான் பயம்."

அன்றிரவே ரிப்போர்ட் எழுதினேன். ஐந்தே வரி, கார்பன் வைத்து இரண்டு பிரதி. வேடிக்கையாக ஒரு சொல்கூட வரக் கூடாது என்று மூன்று முறை திருத்தினேன்.

இரண்டு வாரம் கழித்துப் பாலக்காட்டில் தேர்வு. குழுத் தலைவருக்கு அறுபது வயது. வருகிற பௌலர்களையெல்லாம் தாமே பேட் கட்டிக்கொண்டு எதிர்கொண்டு பார்ப்பது அவருடைய வழக்கம். வேலு தலைவாரி, சலவைச் சட்டையோடு வந்திருந்தான். பன்னிரண்டு பந்து வீசினான். பன்னிரண்டும் வலது கை. தலைவர் ஒவ்வொன்றையும் சௌகரியமாகத் தட்டிவிட்டார். "வேலு, இன்னொரு கை?" என்று எல்லையிலிருந்து கத்தினேன். அவன் என்னைப் பார்த்துப் பணிவாகச் சிரித்தான்.

தலைவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே எங்கள் பக்கம் வந்து என் ரிப்போர்ட்டை எடுத்துக் குழுவுக்கு வாசித்தார். பிறகு என் பக்கம் திரும்பி மலையாளம் கலந்த தமிழில், "சாரே, இது ரிப்போர்ட்டோ, ஞாயிற்றுக்கிழமைக் கதையோ? மற்றே கை வீட்டில் வெச்சுட்டோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். அன்று அங்கே இருந்தவர்களுக்கு இது தெரியும்; மற்றவர்களுக்குச் சொல்வதற்காகத்தான் எழுதுகிறேன். என் எழுத்தை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டபோது, அது நகைச்சுவை இல்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் அந்த நிமிஷத்தைச் சிரிப்பதற்குச் செலவழித்தேன். வேலு தூரத்தில் பந்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு ஆடுகளத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போனான். அணியில் அவன் பெயர் வரவில்லை. அடுத்த வருஷம் பள்ளிவாசல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

இரண்டு வருஷம் கழித்து அங்கே போனேன். ஞாயிற்றுக்கிழமை. ஒரு பக்கம் சரிந்த மைதானம். பந்து தேயிலைக்குள் போனால் தேடுவதற்கு ஆட்டத்தை நிறுத்துவார்கள். வேலு இரண்டு கைகளாலும் வீசிக்கொண்டிருந்தான். வேடிக்கை பார்த்த திருநெல்வேலிக்காரத் தொழிலாளி ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "ஏலே, எந்தக் கையில போடுதாம்னு இவனப் பெத்தவனுக்காச்சும் தெரியுமாலே?" என்றார்.

இடைவேளையில் கேட்டேன். "அன்றைக்கு ஏன் வேலு இடது கையால் போடவில்லை?"

அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். "ஏனுங்க சார், அவ்வளவு பெரிய மனுசரு எதுக்க நிக்கறாரு. அவருக்குப் போயி பீச்சாங்கையிலயா பந்து குடுப்பாங்க?"

"உன் இடது கையைப் பார்க்கத்தானே அவர் வந்தார்?"

"அதான் நீங்க எழுதிக் குடுத்திருந்தீங்களே. நீங்க கண்ணுல பாத்து எழுதுனது. அதுக்கு மேல நான் வேற காட்டோணுமுங்களா?"

என் வார்த்தையை அவ்வளவு நம்பியவர் வேறு யாருமில்லை. குழுவில் அதை ஒருவரும் நம்பவில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. "அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்களே, எதுக்குங்க?" என்று கேட்டான்.

"அது வேறு ஏதோ பேச்சு" என்றேன்.

"அப்படித்தான் நெனச்சனுங்க" என்று சொல்லிவிட்டு மீதி ஓவரைப் போட எழுந்துபோனான். உண்மையை இன்னொரு தடவை வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குப் பிறகு ஆறு கடிதம் எழுதினேன். ஒன்றிலும் சொல்லவில்லை. கடிதங்களெல்லாம் நகைச்சுவையாக இருந்ததாகப் பதில் போட்டிருந்தான்.

சனிக்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். வேலுவைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். வேட்டியின் மேல் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்திருந்தார்கள். வலது கை மேலே இருந்தது. அவன் அப்பா என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

பிறகு, "சாருங்களா, எஸ்டேட்டுக்காரங்க சொல்றாங்க, இவனுக்குப் பீச்சாங்கை அருமையா வருமாம். நெசமுங்களா?" என்றார்.

"நிஜம்தாங்க."

"நான் ஒருக்காக்கூடப் பாத்ததில்லீங்க. என் முன்னால எடுக்கவே மாட்டான். நாந்தானுங்க அடிச்சு அடிச்சு…" தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டைப் பையிலிருந்து அந்தக் கார்பன் பிரதியை எடுத்தேன். ஐந்து வரிகளையும் வாசித்தேன். கடைசி வரி இது: 'இரண்டு கைகளாலும் வீசுகிறான், இடது கையைத் தவறவிட்டால் நஷ்டம் நமக்கு.' பந்தலில் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். யாரும் சிரிக்கவில்லை.

நான் எழுதியவற்றில் பத்திரமாக வைத்திருப்பது அந்த ஒரு தாள்தான். மை மங்கிவிட்டது. மடிப்பில் ஒரு வரி பாதி கிழிந்திருக்கிறது. அவன் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இருந்தும் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். இடது கையால் கொடுத்தார்.

"இன்னொருக்காப் படிங்க சாமி" என்றார்.