போனை நீட்டியது நான்தான்

காலில் கண்ணாடி குத்திய மகனைத் தூக்கிக்கொண்டு காரைக்குடியில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடினேன். "காயம் ஆழமில்ல, கொஞ்சம் பொறுங்க" என்றார் நர்ஸ்.

டாக்டர் பக்கத்துக் கட்டிலில் நெஞ்சுவலியோடு கிடந்தவரிடம் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. கவுன்சிலரான என் மச்சானைப் போனில் பிடித்து, "பேசுங்க" என்று டாக்டரிடம் நீட்டினேன். பேசி முடித்தவர், முகம் இறுக எங்களிடம் வந்தார்.

"மொதல்ல புள்ளையப் பாருங்க. இவுகளுக்கு வாயுவாத்தான் இருக்கும்" என்றார் நெஞ்சுவலிக்காரரின் மனைவி.

தையல் முடிவதற்குள் அந்த மனிதர் இறந்துபோனார்.

வாசலில் அந்த அம்மா மகளிடம் போனில் அழுதுகொண்டிருந்தார்: "நாந்தான்டி அந்தப் புள்ளைய மொதல்ல பாக்கச் சொன்னேன்."

டாக்டரை இழுத்தது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். மகனைத் தோளில் சாய்த்தபடி அவரைக் கடந்து வந்துவிட்டேன்.

மகனின் தழும்பு இப்போது தேடினால்தான் தெரியும். அந்த அம்மா இன்னும் தன்னையே நொந்துகொண்டிருப்பார்.