பலகைக்கு முன்னால் அரைவட்டம்

சிறு விவசாயிகளுக்கு உதவி செய்தே தீருவோம் என்று கங்கணம் கட்டிக்கொண்ட ஒரு நிறுவனத்தில் நான் வேன் ஓட்டுகிறேன். பதினோரு வருடமாகப் பார்க்கிறேன், உதவிக்கு ஒரு குறைச்சலும் இல்லை. உதவியைப் பற்றிக் கூட்டம், கூட்டத்தைப் பற்றி அறிக்கை, அறிக்கைக்கு வழவழப்பான அட்டை. அட்டைப்படத்தில் அநேகமாக என் அக்காதான் இருப்பாள். என்னோடு கூடப்பிறந்தவள். ஊரில் அவளுக்கு மண்புழு என்று பெயர்.

அது கேலியாக வைத்த பெயர். அவள் புருஷன், எங்கள் மாமா, மூட்டை தூக்கி இடுப்பு போய் உட்கார்ந்தபோது ஒன்றரை ஏக்கர் அவள் தலையில் விழுந்தது. வருடாவருடம் உரத்தைக் கொட்டிக் கொட்டி மண் ஓடு மாதிரி வெளுத்துக் கிடந்தது. அக்கா தெருத்தெருவாகப் போய், பெருக்கிக் குவித்த இலைதழைகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தாள். "ஊர்க் குப்பையையெல்லாம் மூட்டை கட்டிட்டுப் போகுது பாரு, மண்புழு" என்று சிரித்தார்கள். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அதை மண்மேல் பரப்பி மூடாக்குப் போட்டாள், தொட்டி கட்டிப் புழு வளர்த்தாள், ஏழு வருடம் அந்த மண்ணோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் விரலை வைத்து அழுத்தினால் முழு விரலும் உள்ளே போகும் அளவுக்கு மண் பதமாகிவிட்டது.

அப்புறம்தான் எங்கள் நிறுவனம் அதைக் 'கண்டுபிடித்தது'. காட்டிக்கொடுத்தது நான்தான். என் வாயில் மண்ணை அள்ளிப் போட.

சான்றிதழ் கொடுத்தார்கள். அது இருந்தால் விளைந்த காய் அத்தனையையும் நிறுவனத்தின் நகரத்துக் கடை வாங்கிக்கொள்ளும். மண்டி வியாபாரி முன்னால் கூடையோடு கால்கடுக்க நிற்க வேண்டாம். அக்காவுக்கு அது ஒன்று போதும். பதிலுக்கு அவர்கள் கேட்டது, வாசல் பக்கம் 'மாதிரிப் பண்ணை' என்று ஒரு பலகை நட இடம். அவ்வளவுதானே என்று தலையாட்டினாள்.

வாரத்துக்கு இரண்டு வேன் ஆட்கள். ஓட்டிக்கொண்டு போனவன் என்பதால் சொல்கிறேன், அதில் முக்கால்வாசிப் பேர் பாத்திப் பக்கமே போனதில்லை. ஈரத்தில் காலணி கெட்டுவிடுமாம். பலகையைச் சுற்றி நின்று படம் எடுப்பார்கள், "மண் வாசனையே தனி" என்பார்கள், வேனில் ஏறியதும் ஈரத் துணியால் கையைத் துடைத்துக்கொள்வார்கள். பலகைக்கு முன்னால் அக்கா கீரை போட்டிருந்தாள். படத்தில் மறைக்கிறது என்று அதையும் பிடுங்கச் சொன்னார்கள். பிடுங்கினாள்.

மூன்றாம் வருடம் சான்றிதழைப் புதுப்பிக்க மண் பரிசோதனை. வந்தவர் எங்கள் அதிகாரி. காலணி எப்போதும் கண்ணாடி மாதிரி மின்னுவதால் டிரைவர்கள் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பளபளா. நிலத்தின் குறுக்காகப் போய் ஐந்து இடத்தில் மண் எடுக்க வேண்டும் என்பது விதி. எழுதியதே அவர்தான். அன்றைக்கு மழை பெய்து விட்டிருந்தது. ஐந்தையும் பலகைக்கு முன்னாலேயே எடுத்தார். ஆழம் பார்க்கிற இரும்புக் கம்பி நான்கு விரற்கடை கூட இறங்கவில்லை.

"சார், அது நீங்க எல்லாம் நிக்கிற இடம். உள்ள வந்து எடுங்க" என்றாள் அக்கா.

"எங்க எடுத்தா என்னம்மா, எல்லாம் ஒரே நிலம்தானே?"

பதினைந்தே நாளில் கடிதம் வந்தது. நிலத்தில் கனரக வாகனம் ஓட்டப்பட்டு மண் இறுகியிருக்கிறது, சான்றிதழ் நிறுத்திவைக்கப்படுகிறது, 'மண்ணை மதிப்போம்' என்ற ஒருநாள் பயிற்சிக்கு வரவும். நான்தான் படித்துக் காட்டினேன். "நான் டிராக்டரே விட்டதில்லையேடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பயிற்சிக்கு அவளோடு பதினான்கு விவசாயிகள் வந்தார்கள். காலையில் குளிரூட்டிய அறையில் மண்ணைப் படமாகப் போட்டுக் காட்டினார்கள். மத்தியானம் ஒரு மாதிரிப் பண்ணைக்குப் போவதாகத் திட்டம். எந்தப் பண்ணை என்று தாளைப் பார்த்தேன். அக்காவின் பண்ணைதான். பழைய பட்டியலை மாற்ற வேண்டும் என்று அந்தக் கட்டடத்தில் ஒரு மண்டைக்கும் உறைக்கவில்லை.

வேன் அவள் நிலத்துப் பக்கம் திரும்பியதும் முன்சீட்டிலிருந்த அக்கா சிரித்துவிட்டாள். "என் இடத்துக்கே என்னை விருந்தாளியா கூட்டிட்டுப் போறியேடா, தம்பி."

பளபளா எல்லோரையும் பலகைக்கு முன்னால் நிறுத்தி, வழக்கமான பாட்டை ஆரம்பித்தார். "இந்த மண்ணைப் பாருங்க, எவ்வளவு மிருதுவா..."

வந்தவர்களில் ஒரு வெங்காய விவசாயி குதிகாலால் தரையைத் தட்டிப் பார்த்தார். "என்ன சார், தளம் போட்ட மாதிரில்ல இருக்கு?"

அக்கா வேனிலிருந்த அந்தச் சோதனைக் கம்பியை எடுத்து வந்து அங்கே குத்தினாள், இறங்கவில்லை. பத்தடி தள்ளிப் பாத்தியில் குத்தினாள். பிடி வரைக்கும் இறங்கியது. வெங்காயக்காரர் குனிந்து, இறுகிய இடத்தின் ஓரத்தையே சுற்றி நடந்தார்.

"டிராக்டர் போனா ரெண்டு கோடு விழும் சார். இது பலகையைச் சுத்திப் பாதி வட்டமா இருக்கு. ஆளுங்க நின்னு நின்னு இறுகினது."

பதினான்கு பேரும் குனிந்து தங்கள் காலைப் பார்த்தார்கள். பார்த்த வேகத்தில் வரப்பில் ஏறிவிட்டார்கள். நடுவில் நின்றது பளபளா மட்டும்.

கொஞ்சம் அசடு வழிந்துவிட்டு, "சரிம்மா, மறுபடி சோதிச்சுச் சான்றிதழ் குடுத்துடலாம். ஆனா பார்வையாளர் வர்றது நிக்காது. அடுத்த வாரம் நிதி குடுக்கிறவங்க வர்றாங்க" என்றார்.

"எத்தனை பேரு?"

"நாப்பது."

அக்கா பாத்திகளைப் பார்த்தாள். மண்டியில் கூடையோடு நின்ற நாட்கள் அவளுக்கு மறந்திருக்காது. எனக்கே மறக்கவில்லை.

"அப்ப அந்தச் சான்றிதழை நீங்களே வச்சுக்குங்க சார்."

பலகையைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தாள். வெங்காயக்காரர் கடப்பாரையைத் தேடி எடுத்தார். மற்றவர்களும் கொத்த இறங்கிவிட்டார்கள். மண்வெட்டி காலணிக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் பளபளா நகர்ந்தார். நகர்ந்து நின்று படம் எடுத்தார். இந்த வருட அறிக்கையின் அட்டையில் அதுதான் இருக்கிறது. 'பயிற்சிக்குப் பின் மண்ணை மதிக்கக் கற்றுக்கொண்ட விவசாயிகள்' என்று கீழே போட்டிருக்கிறார்கள். வெட்கம் மானம் எதுவும் அச்சாபீசில் கிடைக்காது போல.

அக்கா மறுபடி மண்டிக்குப் போகிறாள். "என்னம்மா, பெரிய இடமெல்லாம் கைவிட்டுட்டாங்களா?" என்று வியாபாரி இளிக்கிறான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தன் முறை வரும்வரை நிற்கிறாள். அரைவட்டத்தில் மூடாக்குப் போட்டுக் கீரை விதைத்திருக்கிறாள். இப்போதுதான் அங்கங்கே முளை தெரிகிறது.

போன வாரம் அலுவலகத்தில் பலகையைக் கேட்டார்கள், நிறுவனத்தின் சொத்தாம். போய்ப் பார்த்தேன். புழுத் தொட்டிக்கு மூடியாகக் கிடந்தது, எழுத்தெல்லாம் கீழே பார்த்தபடி.

"ஏங்க்கா கவுத்துப் போட்டிருக்க?"

"மண்புழு படிக்கட்டும்டா" என்றாள். "அதுக்குத்தான் கால் இல்ல."