முகம் காட்டாத மகாராணி

பகலவன் இன்றைக்கு ஒரகடத்துக் கார்க் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஒரு காலத்தில் அவர் மகாராணி. சிரிக்காதீர்கள், நிஜம்தான். வாளும் மந்திரமுமாக வந்த ஒரு சரித்திரப் படத்தில், கோட்டை உச்சியிலிருந்து யானை மேல் பாயும் மகாராணிக்கு டூப் போட்டவர் இவர்தான்.

புடவையை வரிந்து கட்டி, சவுரி வைத்து, தகரக் கிரீடத்தை மாட்டினால் ஆள் தயார். இடுப்பில் கயிறெல்லாம் கிடையாது. கீழே அட்டைப்பெட்டிகள், மேலே ஒரு மெத்தை, அவ்வளவுதான். "மூஞ்சி மட்டும் தெரியக் கூடாதுடா" என்பார் ஸ்டன்ட் மாஸ்டர். பாயும்போதே தாடையை வலது தோளில் புதைத்துக்கொள்வார் பகலவன். யூனிட்டே கைதட்டும். அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு சிலிர்க்கும். படம்தான் வந்த வேகத்தில் தியேட்டரை விட்டுப் போய்விட்டது.

தொழில் போனாலும் பழக்கம் போகுமா? கேமராவைக் கண்டால் தாடை தானாகத் தோளுக்குப் போய்விடும். பாவம், அவருக்கே அது தெரியாது. கல்யாண ஆல்பத்தில் இடப்பக்கம் மனைவி பெருந்தேவி நிற்க, இவர் முகம் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. அவளுக்கு அது ஆறவே இல்லை.

"என்னைப் புடிக்காமதானே மூஞ்சைத் திருப்பிக்கினு நின்ன?" என்பாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல தேவி" என்பார் மனிதர். கடைசிவரை இவள் நம்பாமலே போய்விடுவாளோ என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார்.

இந்த ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு கம்பெனிக்கு வரச் சொன்னார்கள். பூஜை முடிந்து, பொரியும் சுண்டலும் கொடுத்து, கேன்டீன் திரையில் அந்தப் படத்தையே போட்டார்கள். எங்கிருந்தோ தேடிப் பிடித்தவன் சூப்பர்வைசர் கன்னியப்பன். மகாராணி கோட்டை மேல் ஏறினாள். பாய்ந்தாள். தாடை வலது தோளுக்குப் போனது.

பெருந்தேவி வாயில் போட்ட சுண்டலை மெல்லவில்லை.

"இன்னாய்யா இது, நம்ம கல்யாண போட்டோ மாதிரியே கீது?"

"நான்தான் அது. மூஞ்சி தெரிஞ்சா மாஸ்டர் தோலை உரிச்சிருவாரு. அப்டியே பழகிப்போச்சி போல."

"அப்ப என்னைப் புடிக்காம இல்ல?"

"உன்னைப் புடிக்காம போவுமா?"

கிளம்பும்போது வாழைமரம் கட்டிய வாசலில் போட்டோ எடுத்தார்கள். "அண்ணா, இங்க பாருங்க" என்றான் கன்னியப்பன். எங்கே பார்ப்பது? தாடை தோளுக்குப் போயாகிவிட்டது.

"வுடு தம்பி, அப்டியே எடு" என்றாள் பெருந்தேவி. இடப்பக்கத்தை விட்டு, அவர் முகம் திரும்பியிருந்த பக்கமாக வந்து நின்றுகொண்டாள்.