மிதி... பிடி... விடு

கதை விடுகிறான் என்று நீங்கள் சொன்னால் எனக்கு வருத்தமில்லை. என் மச்சானே அப்படித்தான் சொன்னான். ஆனால் அன்று என் மனைவியும் அங்கே இருந்தாள். அவளிடம் பொய் சொல்லி நான் தப்பித்ததாகச் சரித்திரமே கிடையாது.

சனிக்கிழமை, பட்டப்பகல். எங்கள் வீட்டு ஷெட்டில் ஐம்பது வருடப் பழைய, இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். வாங்கி இரண்டு வாரம்தான். ஓடுவதில் குறையில்லை, நிற்பதில்தான் குறை. பழைய பிரேக்கைக் கழற்றிவிட்டு நான்கு சக்கரத்துக்கும் புது டிஸ்க் பிரேக் மாட்டினேன். மறுநாள் மலைப்பாதையில் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போவதாகப் பேச்சு. பிரேக் சொதப்பினால் இரண்டு உயிரும் அம்போ.

பாக்கி ஒரே வேலை. குழாய்க்குள் நிற்கும் காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, கீழே ஒருவர் சக்கரத்துப் பிரேக்கில் காற்று வெளியேறும் நட்டைத் திறந்து மூடுவார். மூடும் முன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். மனைவியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிட்டு நான் கீழே படுத்தேன்.

“மிதி.”

“மிதிச்சிட்டேன்.”

“பிடி.”

“பிடிச்சிருக்கேன், சீக்கிரம் முடிங்க. நீங்க சொல்லி நான் கேட்கிறது இதான் முதல் தடவை.”

இரண்டு சக்கரம் முடிந்தது. 3.25. மூன்றாவதுக்கு நகர்ந்தேன். “மிதி” என்றேன். பெடல் இறங்கியது. பதில் இல்லை. கோபம் போல என்று நினைத்துக்கொண்டேன். “விடு” என்றேன். டக்... ஏறியது. மிதி மட்டும் முன்பைவிட அழுத்தமாக இருந்தது.

3.40. கடைசியாக டிரைவர் பக்க முன்சக்கரம். மல்லாந்து படுத்து “மிதி, பிடி” என்றபடி நட்டைத் திறந்தேன். ஆயில் குமிழியோடு வந்தது.

கேட் கிரீச்சிட்டது.

காருக்கு அடியிலிருந்து பார்த்தேன். கேட்டைத் தாண்டி நீலச் செருப்பு போட்ட இரண்டு கால்கள் வந்தன. என் மனைவியின் கால்கள்.

“என்னங்க, கொரியர்காரர் கூப்பிட்டார்னு தெருமுனைக்குப் போயிட்டேன். சொல்லிட்டுத்தானே போனேன்?”

ஆயில் நின்றுவிட்டது. பெடல் அடிவரை இறங்கியிருந்தது. யாரோ அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்...

கை கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

முகத்துக்கு ஒரு சாண் மேலே, தகட்டில் குதிகால் தேயும் சத்தம்.

சர்... சர்...

அவள்தான் என் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

சீட்டில் யாருமில்லை.

ஷெட்டைப் பூட்டிவிட்டு, 6.10-க்குக் காரை விற்றவருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

“அது என் தம்பி வண்டிங்க. பிரேக் வேலையை அவனே பார்த்தான். தனிக்கட்டை, மிதிக்க ஆள் இல்ல. கடைசிச் சக்கரத்துல காத்து எடுக்காமலே கிளம்பிட்டான்... இறக்கத்துல வண்டி நிக்கல.”

மறுநாள் காலை 9.15. மெக்கானிக் வந்து குனிந்து பார்த்தார்.

“நட்டு ராத்திரி முழுக்கத் திறந்தே இருந்திருக்கு. ஆனா பெடல் அடியிலேயே நிக்குதே. எதை முட்டுக் கொடுத்தீங்க?”

நான் எதையும் கொடுக்கவில்லை. இருவரும் சேர்ந்து பெடலைத் தூக்கினோம். அசையவில்லை.

அவர் நட்டை இறுக்கினார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. பெடலைப் பார்த்துச் சொன்னேன்.

“விடு.”

டக்... பெடல் மேலே ஏறியது.