என் பங்குப் பிடி அரிசி

எங்கள் வீட்டு அடுக்களையில் அரிசிச் சாக்குக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், சபையின் பெண்கள் சங்கத்தில் சேர்ந்தபோது வைத்த டின். மூடியிலிருந்த ரோஜாப்பூ தேய்ந்து, இப்போது காம்பு மட்டும் மிச்சமிருக்கிறது. சோற்றுக்கு அரிசி அளக்கும்போதெல்லாம், கழுவுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி அள்ளி இதில் போடவேண்டும். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சங்கத்துப் பெண்கள் வீடு வீடாக வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். அது இல்லாத வீட்டுக்குப் போகும். பிடி அரிசி என்போம். பள்ளிக்கூடத்தில் வாத்திச்சியாக இருந்த காலத்தில், மணியடிப்பதற்குள் ஓடவேண்டிய அவசரத்தில்கூட நான் அதை விட்டதில்லை. பெரிய பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். பல் தேய்ப்பது மாதிரி ஒரு பழக்கம்.

அந்தப் பழக்கத்தை நான் ஒருமுறை நிறுத்தினேன், கோபத்தில்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிட்டுப் புற்று என்று சொன்னார்கள். திருவனந்தபுரத்தில் ஆபரேஷன், அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. தலைமுடி போனது. நாக்கில் ருசி போனது. விரல் நுனிகள் மரத்துப்போய், சட்டைப் பித்தானைக்கூடப் போட முடியவில்லை. இவ்வளவையும் தாங்கிக்கொண்டேன். பார்க்க வந்தவர்களைத்தான் தாங்க முடியவில்லை.

ஒருத்தி முள்ளாத்தா என்கிற முள்சீத்தா இலையை அவித்துக் குடிக்கச் சொன்னாள். இன்னொருத்தி கட்டிலில் என் காலடியில் உட்கார்ந்து, "எங்க மைனிக்கும் இதே சூக்கேடுதான் பாத்துக்கிடுங்க, ஆறே மாசம்" என்று மூக்கை உறிஞ்சினாள். நோய் வந்தவளிடம் எதைச் சொல்லக்கூடாதோ அதைத் தேடிப்பிடித்துச் சொல்வதற்கு ஒரு திறமை வேண்டும். எங்கள் ஊரில் அது எல்லோருக்கும் உண்டு.

கடைசியில் புதன்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டுக்கு வந்தது. சங்கத் தலைவி அக்கா முன்னால் உட்கார்ந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், வெண்கலக் குரல், கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வருவதில் கெட்டிக்காரி. பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமலே ஒரு எண்ணைச் சொன்னாள். ராகத்தை எடுத்தாள். எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது அடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. அது அடக்க ஆராதனைப் பாட்டு. கல்லறைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது பாடுவது. பாடிக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரிந்துவிட்டது; ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தாள். ஆனால் தொடங்கிய பாட்டைப் பாதியில் நிறுத்தும் வழக்கம் எங்கள் சபையில் கிடையாது. ஐந்து சரணத்தையும் பாடி முடித்தார்கள், ஆமென் உட்பட!

நான் தலையில் கட்டியிருந்த துணியை இறுக்கிக்கொண்டு கேட்டேன். "பெட்டி எப்பளாக்கும் வரும்? சொல்லிட்டீங்கண்ணா நான் குளிச்சு ரெடியா இருப்பேன்."

எல்லோரும் காப்பி குடிக்காமலே போனார்கள்.

இப்போது நினைத்தால் வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. நேராக அடுக்களைக்குப் போனேன். டின்னில் கிடந்த அரிசியைச் சாக்கில் கொட்டினேன். டின்னைப் பரணில் தூக்கி வீசினேன். "இத்தனை வருஷம் ஒரு நாள் விடாம போட்டேனே, அதுக்கு நீர் தந்தது இதானா? இனிமே எங்கிட்ட கேக்காதியும்" என்று கர்த்தரிடம் வாய்விட்டே சொன்னேன். அதோடு ஜெபமும் நின்றது. வேதப்புத்தகம் அலமாரிக்குள் போனது. ஆஸ்பத்திரிக்குப் போகும் காலையில்கூட நான் கண்ணை மூடவில்லை. சாகப்போகிறேனோ என்கிற பயத்தைவிட, இனிமேல் பேச யாருமில்லை என்பது பெரிய பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அரை ஏக்கர் ரப்பர் அவருக்கு. விடியுமுன் பால் வெட்டப் போவார். ஞாயிற்றுக்கிழமையும் போவார். "மரத்துக்கு ஞாயிறு கிடையாது" என்பார். கிறிஸ்மஸுக்கும் யாராவது கல்யாணத்துக்கும் மட்டும் சர்ச்சுக்கு வருகிற ஜாதி. வீட்டில் நான் ஜெபிக்கும்போது வெளியில் போய் நிற்பார். முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஆமென் என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. சமையலும் தெரியாது. கீமோ போகப் போகத் தாளிக்கிற வாடை பட்டாலே எனக்கு ஓங்கரித்தது. அடுக்களைப் பக்கமே போக முடியவில்லை. அவர்தான் கஞ்சியும் பயறும் வைத்து, தேங்காய்த் துவையல், எங்கள் பேச்சில் சம்மந்தி, அரைத்துக் கொண்டுவந்தார். சம்மந்தியில் உப்பு ஒருநாள் இருக்கும், மறுநாள் அதற்கும் சேர்த்து இருக்கும்.

அந்த ஆஸ்பத்திரி நாட்களை இன்று ஆசையோடு நினைத்துப் பார்க்கிறேன் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். களியக்காவிளையில் பஸ் மாறுவோம். ஸ்டாண்டில் ஒரு கடையில் வாழைக்காப்பம் பொரிப்பார்கள், ஏத்தன்பழத்தை மாவில் முக்கி. எனக்கு ருசி தெரியாது என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் எனக்கொன்று வாங்குவார். "சூடாவது தெரியும்லா? பிடி" என்பார். உண்மைதான், சூடு தெரிந்தது. பஸ்ஸில் என் தலை அவர் தோளில் சாயும். முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் அப்படி ஒட்டி உட்கார்ந்ததில்லை. அவர் சட்டையில் ரப்பர் பாலின் புளித்த வாடை அடிக்கும். எல்லா வாடையும் குமட்டிய அந்த நாட்களில் அது மட்டும் எனக்குக் குமட்டவில்லை.

பெட்டி எப்போது வரும் என்று கேட்டதிலிருந்து மூன்று மாதம் சங்கத்திலிருந்து யாரும் எட்டிப்பார்க்கவில்லை. என் வாய்க்குப் பயம். நான்காவது மாதக் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்த நேரத்தில், தலைவி அக்கா தனியாக வந்து முற்றத்தில் நின்றாள். கையில் அரிசிப் பை. அன்று கண்ணாடி போட்டிருந்தாள்.

"மக்கா, அண்ணைக்குச் செய்தது தப்புதான். எனக்க கண்ணு அவிஞ்சு போச்சு. மன்னிச்சிரு" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது.

உள்ளே கூப்பிடத்தான் தோன்றியது. ஆனால் வீம்பு விடுமா? "அது போட்டும் அக்கா. ஆனா பிடி அரிசி கேக்காதீங்க. நான் நிறுத்தியாச்சு" என்றேன்.

அப்போது வீட்டுக்காரர் அடுக்களையிலிருந்து வந்தார். ஒரு கையில் பரணில் நான் வீசிய டின். இன்னொரு கையில் ஒரு அலுமினியப் போணி. இரண்டும் நிறைய அரிசி. அக்காவின் பையில் கொட்டத் தொடங்கினார். நான் வாசற்படியில் அப்படியே நின்றேன். நான் ஒருநாளும் ஒரு மாதத்தில் டின்னை நிறைத்ததில்லை. அவர் போட்டதில் டின் நிறைந்து போணியும் நிறைந்திருந்தது. மாதக்கணக்கில் சேர்ந்த அரிசி; அதிலும் அவர் கை பெரிய கை.

அக்கா பைக்குள் குனிந்து பார்த்தாள். அரிசிக்குள்ளிருந்து எதையோ இழுத்தாள். நூல் மாதிரி நீண்டு வந்தது. ரப்பர் ஒட்டுப்பால், மரத்தில் உறைந்து ஒட்டியிருக்கும் பால். வெட்டு முடித்து வந்த கையோடு உலை வைத்திருக்கிறார் மனுஷன்.

"இது என்னப்பா, அரிசிக்குள்ள ஒட்டுப்பாலு?"

அவர் கூச்சத்தோடு கையை வேட்டியில் துடைத்தார். "கையக் கழுவிட்டுதான் போட்டேன். செல நேரம் ஒட்டியிருக்கும்."

"நீங்க எதுக்குப் போட்டீங்க?" என்று நான் கேட்டேன். சண்டைக்குக் கேட்பது போலத்தான் கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல், முற்றத்தில் நின்ற கோழியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ ஜெபத்த விட்டுட்டியே. வீட்டுல யாராவது ஒண்ணு செய்யண்டாமா? எனக்கு ஜெபிக்கத் தெரியாது. அரிசி அள்ளத் தெரியும்."

அவ்வளவுதான். டின்னை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அக்காவும் நானும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதோம். அன்று மத்தியானம் கட்டிலில் கிடந்து, மாதக்கணக்கில் மூடாத கண்ணை மூடினேன். எனக்கும் வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, அவருக்க கையப் பாத்தீரா?" என்று மட்டும் கேட்டேன். அதைவிட நல்ல ஜெபம் அதற்கு முன்னும் பின்னும் நான் செய்ததில்லை.

மறுநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போய் ஒரு பிடி அள்ளினேன். மரத்துப்போன விரல்களுக்குள் அரிசி நிற்கவில்லை. பாதி தரையில் சிந்தியது. அவர் என் கைக்குக் கீழே தன் கையை ஏந்திப் பிடித்தார். அன்றிலிருந்து எங்கள் டின்னில் நாள்தோறும் இரண்டு பிடி, அவருக்கொன்று எனக்கொன்று. அவர் இன்றுவரை சர்ச்சுக்கு ஒழுங்காக வருவதில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. போன மாதம் எடுத்த ஸ்கேனில் ஈரலில் ஒரு புள்ளி தெரிகிறது. நாளைக்கு அட்மிஷன். பத்து நாளாவது கிடக்கவேண்டும் என்றார் டாக்டர். தலைவி அக்கா நேற்று பிடி அரிசி வாங்க வந்தவள், "பாட்டு ஒண்ணு பாடட்டுமா மக்கா?" என்றாள். "நம்பரைப் பாத்துட்டுப் பாடுங்க" என்றேன். சிரித்தோம். ஆனால் பயம் போகவில்லை. பொய் சொல்லக்கூடாது, இந்தத் தடவை நிறையப் பயம்.

இன்று காலை அவர் பால் வெட்டப் போயிருந்த நேரத்தில் உலை வைத்தேன். அவர் விடியுமுன்னே தன் பிடியைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். நான் என் பிடியைப் போட்டேன். பிறகு நாளைக்குள்ளது ஒன்று. மறுநாளைக்குள்ளது ஒன்று. நான் இல்லாத நாட்களுக்கு என் பங்கு குறையக்கூடாது என்று நினைத்து எண்ணி எண்ணிப் போட்டேன். பத்து நாள்தானா, அதற்குமேலுமா என்றும் நினைத்தேன்.

ஆறாவது பிடியில் வாசலில் நிழல் விழுந்தது.

"என்னட்டி செய்ய?"

சொன்னேன். அவர் வாளியை வைத்துவிட்டு, கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தார். டின் முன்னால் குந்தியிருந்து, நான் கூடுதலாகப் போட்டதையெல்லாம் அள்ளித் திரும்பச் சாக்கில் போட்டார். எனக்கு ஐந்து பிடி. அவர் கைக்கு மூன்றுதான் ஆயிற்று.

"நான் எனக்க பிடியப் போடுவேன்" என்றார். "உனக்க பிடிய நீ வந்து போடு."