யோகத்தைக் கூட்டிவரப் போன கதை

காலை ஐந்தரை மணி. கொழும்பிலிருந்து வந்த இரவு ரயில் என்னை மட்டக்களப்பில் இறக்கிவிட்டபோது இடுப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கவேண்டியிருந்தது. அறுபத்திரண்டு வயதில் இப்படி இரவு முழுக்கக் குந்தியிருந்து வந்தது கோட்டை பார்ப்பதற்கோ கல்லடிப் பாலத்தில் நின்று படம் எடுப்பதற்கோ அல்ல. யோகத்தைக் கூட்டிக்கொண்டு போக வந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒளித்து என்ன வரப்போகிறது?

யோகம் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் நாலு வருடம் தங்கிச் சமைத்தவள். கணவனையும் நடை பழகிய பிள்ளையையும் ஊரில் தங்கையின் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் ஊர் போய்வரவென்று புறக்கோட்டையில் பெரிய நீலப் பை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். போன தைப்பொங்கலுக்கு அந்தப் பையோடு போனவள் திரும்பவில்லை. "அன்ரி, எங்களுக்கு உதவிக் காசு கிடைச்சிருக்கு. நான் இஞ்ச நிண்டு பாக்கிறன்" என்று தொலைபேசியில் சொன்னாள். உதவிக் காசு எத்தனை நாளைக்கு, முடிந்தால் தானாக வருவாள் என்று நானும் பேசாமல் இருந்தேன். வருடம் ஒன்று ஓடிவிட்டது. இப்போது நான்தான் சமைக்கிறேன், என் கணவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது. வருகிறேன் என்று மட்டும் யோகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆறேமுக்காலுக்குக் கல்முனை பஸ் ஏறினேன். குருக்கள்மடம் வரைக்கும் ஏறத்தாழ இருபது கிலோமீற்றர், நூறு ரூபாய். நாவற்குடா தாண்டியதும் வெயில் ஏறத் தொடங்கியது. இடது பக்கம் கடல், வலது பக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய ஒரு கீலம் நிலத்தில் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் மதில்களும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பக்கத்திலிருந்த பெண் என் பையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, எங்கே போகிறேன் என்று கேட்டார். படுவான்கரைக்கு என்றேன். "அப்ப பாதையில ஏறணும். எட்டு மணிக்கு ஒண்டு கிடக்கு" என்றார்.

பாதை என்றால் இங்கே நடக்கிற வழி அல்ல. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான மிதவையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. நடுவே வாவி. ஆளுக்கு முப்பது ரூபாய் வாங்கிய பாதைக்காரர் சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"கொழும்பிலிருந்தா?"

"ஓம், யோகேஸ்வரி வீட்டுக்கு."

அவர் சுருட்டை எடுத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மறுபடியும் வைத்துக்கொண்டார். அக்கரையில் நான் பிடித்த ஓட்டோக்காரரும் பெயரைக் கேட்டதும் அதே பார்வைதான் பார்த்தார். மூன்று கிலோமீற்றருக்கு நானூறு ரூபாய் என்று ஒரே பிடியாக நின்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

ஒன்பது மணி. யோகத்தின் வீடு வாவிக் கரையிலிருந்து கூப்பிடு தூரம். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை வந்து இருக்கவேண்டும். தன் சொந்த வீட்டில் இருக்கக் கொடுத்துவைக்காமல் என் வீட்டில் நாலு வருடம் இருந்தவள், வாசலுக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் தெளிந்திருந்தது, கண் மட்டும் என்னைப் பார்க்காமல் நழுவியது. சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை; அவளுக்குப் பின்னால் ஏழு வயது மகள் திலக்சி வந்து நின்றாள்.

"நீங்க எப்ப போறீங்க?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"ஏய், அப்பிடியா கேக்கிற?" என்று யோகம் அதட்டினாள். சிறுமி அசையவில்லை.

யோகத்தின் கணவன் சிவராசா கரையில் தோணியைக் காட்டினான். முன்பு அடுத்தவரின் தோணியில் போய், பிடித்ததில் பாதியை அவருக்குக் கொடுத்துவந்தவன். இது சொந்தத் தோணி, பச்சை வர்ணம் இன்னும் மங்கவில்லை. காலையில் அவன் கொண்டுவரும் இறாலையும் மணலை மீனையும் யோகமே பாதையடிக்குக் கொண்டுபோய், எழுவான்கரை வியாபாரிகளுக்கு விற்றுவிட்டு வருகிறாள். வருகிற வழியில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறாள்.

"எல்லாம் அந்த உதவிக் காசிலயோ?" என்றேன்.

"ஓம் அன்ரி. மூண்டு தரமா வங்கியில போட்டாங்க. முந்தி ஒரு நிறுவனம் வந்து தையல் மிசின் தந்தது. எனக்குத் தைக்கத் தெரியா. அது உள்ளுக்குக் கிடக்கு, உடுப்புப் போட." அவள் சிரித்தாள். "இப்ப வந்த நிறுவனக்காரங்க காசத் தந்து, உங்கட விருப்பம் எண்டு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு நாளா நித்திரையில்ல. அதுவரைக்கும் ஒருத்தரும் எங்களிட்ட என்ன வேணும் எண்டு கேட்டதில்ல. மறுகா இவரிட்டச் சொன்னன், எனக்கு வீட்டில இருக்கணும், அதுக்கு என்ன வழியெண்டு பாருங்க எண்டு. தோணிதான் வழியெண்டார்."

"மாரியில?"

"மாரியில தோணி கவிட்டுத்தான் கிடக்கும். அப்ப இறுக்கந்தான். பொய் சொல்லக் கூடாது." அந்த இடத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். இறுக்கமான மாதங்களுக்கு மட்டுமாவது வா என்று கேட்கலாம். சாப்பாட்டுக்குப் பிறகு கேட்பது என்று முடிவு செய்தேன்.

பதினொரு மணிக்கு யோகம் குசினிக்குள் போனாள். இறால் வதங்கும் வாசனையில் எனக்கு வெள்ளவத்தை நினைவு வந்தது. சிவராசா ஒரு பித்தளை வட்டாவில் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கொண்டுவந்து என் முன்னால் பவ்வியமாக வைத்தான். எனக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை. ஆனாலும் வீடு தேடி வந்த இடத்தில் மறுப்பது அழகில்லை என்று ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அவன் முகம் மலர்ந்தது.

"வெத்திலை எடுத்திட்டீங்க. இனி நான் கேக்கிறத இல்லையெண்டு சொல்ல ஏலா அன்ரி."

"என்ன தம்பி, கேள்விக்கு முதலே பதிலோ?"

"இஞ்ச அதான் முறை. கலியாணத்துக்குக் கூப்பிடுறதெண்டாலும் கோவம் தீக்கிறதெண்டாலும் வட்டா வச்சுத்தான் கேக்கிற. எடுத்தாச் சம்மதம்." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "யோகம் உங்கட வீட்ட நல்லா இருந்தவ, அத மறக்கமாட்டம். ஆனா நீங்க வாறீங்க எண்டு கேட்டதிலிருந்து அவ சரியாச் சோறு தின்னல்ல. நீங்க வாய் திறந்து கேட்டா, மாட்டன் எண்டு சொல்ல அவவுக்கு ஏலா. வெளிக்கிட்டிருவா. அதால கேக்காம விட்டிருங்க. இதான் என்ர கேள்வி."

குசினியில் அகப்பைச் சத்தம் நின்றுபோயிருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. சோறு போடுவதற்கு முன்பே என்னை மடக்கிவிட்டானே என்று கோபமும் வந்தது. வெற்றிலையை வைத்துவிடலாமா என்று வட்டாவைப் பார்த்தேன். அப்போதுதான் மூலையில் இருந்த நீலப் பை கண்ணில் பட்டது. நான் வாங்கிக் கொடுத்த அதே பை. அதன் ஸிப்பைத் திறந்து உள்ளே வைக்கோல் போட்டிருந்தார்கள், அதில் ஒரு சிவப்புக் கோழி முட்டைகளின் மேல் கிடந்தது. திலக்சி அதன் பக்கத்தில் காவலுக்குக் குந்தியிருந்தாள்.

"அடை கிடக்கு. எழுப்பக் கூடாது" என்றாள் என்னிடம் கண்டிப்பாக.

வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி, பாக்கும் வைத்து வாயில் போட்டேன். சுண்ணாம்பு கூடிவிட்டது. நாக்கு வெந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யோகம் செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள். அவள் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

"அன்ரி கேட்டிருந்தா வந்திருப்பன்" என்றாள்.

"தெரியும். அதுதான் கேட்கேல்லை" என்றேன். சொன்ன பிறகு மனம் லேசாகிவிட்டது, உண்மையாகவே. அன்றைக்கு அவளும் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். இறால் கறிக்குத் தேங்காய்ப்பாலை எப்போது விடுவது என்று அடுப்படியில் என்னை நிறுத்திக் காட்டித் தந்தாள். இத்தனை நாளும் நான் முந்தி விட்டுக் கெடுத்திருக்கிறேன்.

மாலை நாலு மணிக்கு அதே பாதை. யோகம் தந்த தயிர்ச் சட்டி என் மடியில், காய்ந்த இறால் பொட்டலம் பைக்குள். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் எங்கள் குசினி யன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும். நாலு வருடம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு அவள் எப்படிச் சமைத்தாள் என்று இப்போதுதான் யோசித்தேன்.

பாதைக்காரர் காசு வாங்கிக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார்.

"தனியத்தான் போறீங்களா?"

"ஓம்." முப்பது ரூபாயை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"என்ன அண்ணை, வெறுங்கையோட போறன் எண்டு பாவம் பாக்கிறீங்களோ?"

"இல்ல. வெறுங்கையோட போறதாலதான் காசு வேணாம்" என்றார். சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.